சித்திரசாலையிலிருந்து சிவகாசி வரை: தேசபக்தி பேசிய வண்ணப் படங்கள்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் என் கடையில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அண்ணா, இந்த வருஷம் காலண்டர்ல என்ன படம்?" மராட்டிய அன்பர்கள் தென்னாட்டவர் அனைவரையும் 'அண்ணா' என்று கூப்பிடுவது புனே வாசிகளாகிய உங்களுக்குத் தெரிந்ததே. தாள் என்ன தரம், தேதி எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது, ஏகாதசி, சதுர்த்தி சரியாகப் போட்டிருக்கிறதா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. படம்தான் முதலில். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தாள் வியாபாரம் செய்து வரும் எனக்கு இது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. எழுத்தை மனிதன் தேடிப்போய்ப் படிக்கிறான். படமோ அவனைத் தேடி வந்து சுவரில் உட்கார்ந்துகொள்கிறது.

நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1979-ல், பத்தொன்பது வயதில், சிற்றப்பாவின் கடைக்கு வேலை பழக வந்தவன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. கடை அப்பா பல்வந்த் சௌக் அருகில். சுற்றிலும் புத்தகக் கடைகளாக இருந்ததால் மீதிப் படிப்பை அங்கேயே படித்துக்கொண்டேன். சிற்றப்பா உட்காரும் இடத்துக்குப் பின்னால், கடையின் முந்தைய உரிமையாளர் விட்டுப்போன ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. ராமர், சீதை, மூன்று தம்பிமார், காலடியில் அனுமன். இந்தப் பக்கத்தில் அதை 'ராம பஞ்சாயதன்' என்பார்கள். அடியில் சின்ன எழுத்தில் 'சித்ரசாளா, புணே' என்று மராத்தியில் இருந்தது. "நாம நயினாருங்க, நமக்கெதுக்கு சித்தப்பா ராமர் படம்?" என்று ஒருநாள் கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்டா. கடைக்கு வர்றவங்க அதைப் பாத்துட்டுத்தான் நம்ம மூஞ்சியப் பாக்கறாங்க" என்றார். அந்த ஒரு பதில்தான் இந்தக் கட்டுரைக்கு விதை.

அச்சுக்கு முன்னால்

படத்தைக் காட்டி மனத்தை மாற்றுவது வெள்ளைக்காரன் கற்றுத் தந்த வித்தையன்று. முத்ராராக்ஷச நாடகத்தில் சாணக்கியனின் ஒற்றன் யமபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். நரகத்தின் காட்சிகளைக் காட்டிப் பாட்டுப் பாடினால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும், ஊர் வம்பும் காதில் விழும். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், எங்கள் ஜின காஞ்சியில், கோயில் விதானத்தில் ரிஷபதேவர், வர்த்தமானர் சரிதங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவரும் அண்ணாந்து பார்த்துத் தர்மத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

குஜராத், ராஜஸ்தான் பக்கத்து சுவேதாம்பர ஜைனர்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்து நான்கு மாதங்களை எங்கள் ஊரில் கழிக்க வாருங்கள் என்று ஆசாரியரை அழைக்க, நீண்ட படச் சுருள் ஒன்றை அனுப்புவார்கள். அதற்கு விஞ்ஞப்தி பத்திரம் என்று பெயர். ஊரின் கடைவீதி, கோயில், மக்கள் எல்லாம் அதில் இருக்கும். 'பாருங்கள், எவ்வளவு நல்ல ஊர்' என்று சொல்லும் விளம்பரம்தானே அது! 1610-ஐ ஒட்டி ஆக்ராவில் சாலிவாகனன் என்ற ஓவியர் வரைந்த சுருள் மிகப் புகழ் பெற்றது. பர்யூஷண நாட்களில் உயிர்க்கொலை கூடாது என்று ஜஹாங்கீர் பாதுஷா பிறப்பித்த ஆணையை அது காட்டுகிறது. விஜயசேன சூரிக்கு அனுப்பப்பட்டது. ஒரு முகலாய அரசரின் தர்பாரையே ஜைனர்கள் தங்கள் அழைப்பிதழில் வரைந்து பெருமைப்பட்டார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

புனேயில் பிறந்த சித்திரசாலை

இந்தச் சுருள்களெல்லாம் ஒற்றைப் பிரதிகள். ஒரே படம் ஆயிரம் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அச்சு வேண்டும். 1796-ல் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு முறை அதற்கு வழி செய்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசை கலந்த மையால் படம் வரைவார்கள். கல்லை ஈரமாக்கி மை உருட்டினால், பசை உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். தண்ணீர் நின்ற இடம் மையைத் தள்ளிவிடும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். பத்து வண்ணம் என்றால் ஒரே தாள் பத்து முறை கல்லேற வேண்டும். ஒரு நூலளவு நகர்ந்தாலும் சீதையின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்! பழைய படங்களின் ஓரத்தில் கூட்டல் குறி மாதிரிச் சின்னக் கோடுகள் இருந்தால், அவை கல்லுக்குக் கல் தாளைப் பொருத்திப் பார்க்க வைத்த அடையாளங்கள்.

விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் 1874-ல் 'நிபந்தமாலா' என்ற இதழைத் தொடங்கி மராத்தி உரைநடைக்குப் புது வேகம் கொடுத்தவர். 1880-ல் நியூ இங்கிலீஷ் ஸ்கூலையும், 1881-ல் கேசரி, மராட்டா பத்திரிகைகளையும் திலகர், ஆகர்கர் முதலியோரோடு சேர்ந்து தொடங்கியவரும் இவரே. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1878-ல், புனேயில் இவர் தொடங்கியது சித்திரசாலை அச்சகம். அதே 1878-ல்தான் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்தின் பின்னால் போலீஸ் அலைந்த காலத்தில் படம் சந்தடியில்லாமல் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சிப்ளூண்கர் 1882-ல், 32 வயது நிரம்புவதற்குள் காலமானார். வாசுகாகா ஜோசி அச்சகத்தைப் பல்லாண்டு நடத்தினார்.

சித்திரசாலை தெய்வப் படங்களை மட்டும் அச்சிட்டிருந்தால் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தெய்வங்களுக்குப் பக்கத்திலேயே சிவாஜி மகாராஜ், பேஷ்வாக்கள், நானா பட்னவீஸ் ஆகியோரும் வந்தார்கள். ஒரே அளவு, ஒரே சட்டம், பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவர். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'நம்மை நாமே ஆண்ட காலம் ஒன்று இருந்தது' என்று பேசினால் ராஜத்துரோகம் ஆகலாம். ராமருக்குப் பக்கத்தில் சிவாஜியை மாட்டினால் எந்த கலெக்டர் வந்து கழற்றுவார்? 1893-94-ல் கணேச உற்சவம் தெருவுக்கு வந்தது. 1896-ல் ராய்கட்டில் சிவாஜி உற்சவம் நடந்தது. உற்சவத்தில் கூடின ஜனங்களுக்கு அந்த முகம் புதிதாக இருந்திருக்காது. வீட்டுச் சுவர்கள் அதற்கு முன்பே வேலையைச் செய்திருந்தன.

மளவ்லி ஸ்டேஷனில் ஒரு ஜெர்மானியர்

லோணாவ்ளா லோக்கலில் போகிறவர்கள் லோணாவ்ளாவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் மளவ்லி என்ற ஊரைக் கடந்திருப்பீர்கள். கார்லே, பாஜே குகைகளுக்கு இறங்குகிற இடம். அந்தச் சின்ன ஊரிலிருந்துதான் இந்தியா முழுவதும் லக்ஷ்மியும் சரஸ்வதியும் போனார்கள். ராஜா ரவிவர்மா (1848–1906) 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பிளேக் நோய்க் காலத்துக்குப் பின் 1899-ல் மளவ்லிக்கு வந்தது. 1903 வாக்கில் அதை ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானிய அச்சுக் கலைஞர் வாங்கிக்கொண்டார்.

ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பும்படி ரவிவர்மாவுக்கு யோசனை சொன்னவர் யார் தெரியுமா? சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராட்டியர். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்று சமஸ்தானங்களிலும் திவானாக இருந்தவர். தமிழ்நாட்டுக்குப் போன மராட்டியர் ஒருவர் மலையாள ஓவியருக்குச் சொன்ன யோசனை, மராட்டிய மண்ணில் ஜெர்மன்காரர் கையில் தழைத்து, நம் பாட்டிமார் பூஜை அறைக்கு வந்து சேர்ந்தது. 'வந்தேறி' என்று யாராவது யாரையாவது சொல்லும்போது எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகம் வரும்.

ரவிவர்மா பாணியின் வலிமை என்ன? தெய்வத்துக்கு அவர் நிழல் விழும் உடம்பு கொடுத்தார். புடவையில் மடிப்பு, கழுத்தில் நகையின் பளபளப்பு, பின்னால் நிஜமான மலையும் ஆறும். புராணம் எங்கோ நடந்ததல்ல, நம் தேசத்தில் நடந்தது என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. புராணப் படங்கள் மறைமொழியாகவும் பயன்பட்டன. காடில்கர் 1907-ல் எழுதிய 'கீசகவதம்' நாடகத்தில் கீசகன் கர்சன் பிரபுவைக் குறிக்கிறான், திரௌபதி பாரத தேசம், வீமன் தீவிரவாத கட்சி என்று பார்த்த ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். அரசாங்கமும் புரிந்துகொண்டு 1910-ல் தடை செய்தது. அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சுவரில் மாட்டியிருந்த கீசகன்–சைரந்திரி படத்தை முன்போலவே பார்த்திருப்பாரா? நாடகம் புதுக் கண்ணைக் கொடுத்துவிட்டது. படத்தைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை.

நான்கு கைகள்

1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது அபனீந்திரநாத் தாகூர் நீர்வண்ணத்தில் ஒரு படம் வரைந்தார். முதலில் வங்க மாதாவாக நினைத்தது, பிறகு பாரத மாதா ஆயிற்று. காவி உடுத்த துறவிப் பெண். நான்கு கைகளில் நெற்கதிர், துணி, ஏடு, ஜபமாலை. ஆயுதம் எதுவுமில்லை. அன்னம், வஸ்திரம், கல்வி, தீக்ஷை ஆகிய நான்கையும் மக்களுக்குத் தருகிறாள் என்பது கருத்து. சகோதரி நிவேதிதா இதை மிகவும் போற்றினார்.

அவரைக் குருவாக வரித்த நம் பாரதியார் படத்தின் சக்தியை நன்றாகவே அறிந்தவர். அவருடைய 'இந்தியா' வாரப் பத்திரிகை தமிழில் அரசியல் கருத்துப் படங்களுக்கு வழிகாட்டி. தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் ஓட்டிய செய்தி, சூரத் காங்கிரஸ் கலவரம் எல்லாம் படமாகவும் தமிழருக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. பாரதியார் புதுச்சேரிக்குப் போன பின், 1909-ல், அங்கிருந்து வந்த 'விஜயா' இதழின் அட்டையில் பாரத மாதா பலவிதமான தன் குழந்தைகளோடு நிற்கிறாள். கூடவே 'வந்தே மாதரம்' முழக்கமும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் அணைத்துக்கொள்கிற தாய். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

அபனீந்திரரின் நான்கு கைகளைப் பார்க்கிற எந்தத் தமிழ்ச் சமணனுக்கும் நான்கு தானங்கள் ஞாபகம் வரும். ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம். உணவும் கல்வியும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. எங்கள் பட்டியலில் துணிக்குப் பதில் மருந்து. நான்காவதாக அபயம், அதாவது பயந்தவனுக்குப் பயத்தைப் போக்குவது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்று ஒரு சொல் வரும். அஞ்சி ஓடி வந்தவனுக்கு அடைக்கலம் தரும் இடம் என்று பொருள். சமணப் பள்ளிகளோடும் வணிகக் குழுக்களோடும் தொடர்புடைய சொல் அது. சமணனும் வணிகனுமாகிய எனக்கு இதைவிடப் பெரிய தானம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆகவே எந்தத் தேசபக்திப் படத்தைப் பார்த்தாலும் நான் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: இது அபயம் தருகிறதா, பயம் தருகிறதா?

விரல் நீட்டியவர்கள், கண் பார்த்தவர்கள்

மேல்நாட்டிலும் இதே வித்தை நடந்தது. 1914 செப்டம்பரில் ஆல்ஃபிரட் லீட் வரைந்த படத்தில் கிச்சனர் பிரபு நேராக விரலை நீட்டிப் பட்டாளத்துக்குக் கூப்பிடுகிறார். இந்தக் கிச்சனர் 1902 முதல் 1909 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர். அமெரிக்கர்கள் 1917-ல் அதே அமைப்பில் 'சாம் மாமா'வை வரைந்து 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சிட்டார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் விரல் உங்களையே காட்டுவது போலத் தோன்றும். நேர்முகமாக வரைந்த கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள குணம் அது.

நம்மவர்களுக்கு விரல் தேவைப்படவில்லை. கோயிலில் நாம் சுவாமியைப் பார்ப்பதைவிடச் சுவாமி நம்மைப் பார்ப்பதுதான் தரிசனம். சட்டம் போடும் கடைக்கார மராட்டியப் பெரியவர் ஒருவர் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். "அண்ணா, கண்ணை மட்டும் பார். கண் நேரா இருந்தா படம் விற்கும். பக்கவாட்டில் இருந்தா படம் தங்கும்." அவர் சொன்னதைக் கடையில் நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சரிதான். பகத்சிங்கின் புகழ் பெற்ற முகமும் அப்படியே. 1929 ஏப்ரலில் டில்லி சட்டசபையில் குண்டு வீசுவதற்கு முன் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட, தொப்பி வைத்த புகைப்படம். நம்மை நேராகப் பார்க்கிறது. 1931 மார்ச் 23-ல் தூக்கு நிறைவேறிய பின் அந்த முகம் வண்ணப் படங்களாக வடநாடெங்கும் பரவியது, பலவற்றை அரசாங்கம் தடை செய்தது. அவரோடு தூக்கிலேறிய ராஜகுரு நம் புனேக்கு வடக்கே உள்ள கேட் ஊர்க்காரர். அந்த ஊர் இன்று ராஜகுருநகர்.

சினிமா சுவரொட்டியும் இதே குடும்பம்தான். நம் நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் பழைய சினிமா சுவரொட்டிகளில் முதன்மையாகச் சொல்லப்படுவது, கோல்ஹாப்பூர் பாபுராவ் பெயிண்டர் 1924-ல் எடுத்த 'கல்யாண் கஜினா' படத்துக்குரியது. கல்யாண் கோட்டைப் பொக்கிஷத்தோடு பிடித்து வரப்பட்ட சுபேதார் வீட்டு முஸ்லிம் பெண்ணைச் சிவாஜி மகாராஜ் தாயாகப் பாவித்து மரியாதையோடு திருப்பி அனுப்பினார் என்று பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. வீரத்தைக் காட்ட எத்தனையோ யுத்தங்கள் இருந்தும் அபயம் தந்த கதையை அவர் எடுத்தார். 1930-ல் பிரபாத் கம்பெனி சாந்தாராம் இயக்கிய சிவாஜி படத்துக்கு முதலில் சுயராஜ்யம் என்ற சொல் வரும்படி பெயர் வைத்தது. தணிக்கை அதிகாரிகள் விடவில்லை. 'உதயகால்' என்று மாற்றிய பிறகே வெளிவந்தது. பெயர்ப் பலகையில் ஒரே ஒரு சொல்! அதற்கே அத்தனை பயம்.

பயம் தந்த படங்கள்

இனி நான் எழுதப்போவது சிலருக்கு ருசிக்காது. ஆனாலும் எழுதாமல் விட்டால் கட்டுரை பாதிதான்.

ரவிவர்மா அச்சகம் வெளியிட்ட 84 தேவதைகள் உறையும் பசுப் படத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். பசுவின் உடம்பெங்கும் தெய்வங்கள். கீழே எல்லாச் சாதி மக்களும் பால் வாங்குகிறார்கள். எதிரே மிருகத் தலையோடு, உருவிய வாளோடு ஓர் உருவம் பாய்ந்து வருகிறது. அது முஸ்லிம்களைக் குறிப்பதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். பசுப் பாதுகாப்பு இயக்கத்தை ஒட்டி 1893-ல் பம்பாயிலும் வடநாட்டிலும் பெரும் கலவரங்கள் நடந்த தேசம் இது. நான் பிறந்ததிலிருந்து புலால் தொடாதவன். பசு மட்டுமல்ல, எறும்பும் சாகக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்ற வரைந்த படம் பக்கத்து வீட்டு மனிதனை மிருகமாகக் காட்டுமானால், அதை அகிம்சை என்று சொல்ல என் நாக்கு வரவில்லை.

நம் மேலும் இந்த வித்தை பாய்ந்ததுண்டு. 1960-ல் தொடங்கிய 'மார்மிக்' என்ற கார்ட்டூன் வார இதழ் பம்பாய் நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர் பெயர்களை வரிசையாக அச்சிட்டதும், அந்த அலையில் நம்மவர் ஹோட்டல்கள் தாக்கப்பட்டதும் சரித்திரம். அப்போது புனேயில் எங்கள் சிற்றப்பா, யாரும் சொல்லாமலே, கடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தாராம். "யாரும் ஒண்ணும் சொல்லலடா. ஆனா பேப்பர்ல அந்தப் படத்தைப் பாத்தேன், ராத்திரி தூக்கம் வரல" என்பார். பலகையில் தமிழ் திரும்பி வரப் பல வருஷம் ஆயிற்று.

இதையெல்லாம் அறிந்த நானே ஒரு தப்புச் செய்தேன். கார்கில் யுத்தம் முடிந்த 1999 கடைசியில், 2000-ஆம் ஆண்டுக் காலண்டருக்கு ஒரு மாதிரிப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். தேசப் படத்தின்மேல் சூலம் ஏந்திய பாரத மாதா. காலடியில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். அவனுக்குத் தாடியும் தொப்பியும் வரைந்திருந்தார்கள். வண்ணம் நன்றாக இருந்தது, கண் நேராக இருந்தது, விலை படிந்தது. வேறொன்றும் நான் யோசிக்கவில்லை. 2,000 பிரதி எடுத்தேன், ஜனவரிக்குள் தீர்ந்துவிட்டது.

எங்கள் கடைக்கு இருபது வருஷமாகக் கணக்குப் புத்தகம் பைண்டிங் செய்து தந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாளின் ஓட்டம் பார்க்கக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். வழக்கம்போல அவருக்கும் ஒரு காலண்டர் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். மறுபடி ஒழுங்காகச் சுருட்டினார். "சுக்ரியா சேட்" என்றார். அதுவரை என்னை அவர் 'பேட்டா' என்றுதான் கூப்பிடுவார். மாதம் கழித்து அவர் பட்டறைக்குப் போனபோது, ஆண்டுதோறும் எங்கள் காலண்டர் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அவர் இப்போது இல்லை. பர்யூஷணம் முடிந்து வருஷந்தோறும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் நாளில், கேட்காமல் விட்ட ஒரு பெயர் எனக்கு மிஞ்சி நிற்கிறது.

ஜஹாங்கீரின் ஆணையைப் பெருமையாக வரைந்து அனுப்பிய ஆக்ரா ஜைனர்களின் வழி வந்தவன் நான் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அந்தக் காலண்டரை நான் அச்சிட்டிருக்கக் கூடாது.

சிவகாசியின் சுவர்

நம் தமிழ்நாட்டுப் பங்கைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இப்படித்தான் வானம் பார்த்த பூமியில் அச்சுத் தொழில் வேரூன்றி, நாட்டின் காலண்டர்களில் பெரும்பகுதியை அச்சிடும் ஊராகச் சிவகாசி வளர்ந்தது. தீப்பெட்டி லேபிள் இரண்டு அங்குலம்கூட இல்லாத சுவரொட்டி. காந்தி, நேதாஜி, ராட்டை, கொடி எல்லாம் அதில் ஏறி அடுப்படி வரை போயின.

பக்கத்து ஊரான கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு (1898–1976) இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிக் கை பழகியவர். அவரும் டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்களும் வரைந்த முருகனும் லக்ஷ்மியும் இல்லாத தமிழ் வீடு ஒரு காலத்தில் இருந்ததா? நாடகத் திரையின் பெரிய வீச்சு, ரவிவர்மாவின் உடலழகு, தஞ்சாவூர்ப் படத்தின் நேர்ப்பார்வை மூன்றும் அவர்களிடம் கலந்தன. 1965-ல் லால் பகதூர் சாஸ்திரி 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்று முழங்கியபோது, சிப்பாயும் உழவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் காலண்டர்கள் நாடெங்கும் தொங்கின. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் கலப்பை. அந்தப் படங்களில் எதிரி தேவைப்படவில்லை என்பதை நான் பிற்காலத்தில்தான் கவனித்தேன். பகத்சிங், ஆசாத் படங்களை ஏராளமாக வரைந்த மீரட் ஓவியர் எச்.ஆர். ராஜா ஒரு முஸ்லிம் என்பதும் பலருக்குத் தெரியாது.

காசிக்குப் போகிறவர்கள் பாரத மாதா மந்திருக்கும் போய் வாருங்கள். சிவப்பிரசாத் குப்தா கட்டி, 1936-ல் காந்தியடிகள் திறந்து வைத்தது. உள்ளே சிலை இல்லை. தரையில் பளிங்கில் செதுக்கிய பாரத தேசப் படம்தான் இருக்கிறது. மலை மேடாக, கடல் பள்ளமாக. எந்த மதத்தவனும் அதன் ஓரத்தில் நின்று தன் ஊரைத் தேடலாம். நான் முதலில் வந்தவாசி எங்கே வரும் என்று குத்துமதிப்பாகத் தேடினேன், அப்புறம் புனே. 2001-ஆம் ஆண்டுக் காலண்டருக்கு அந்தப் பளிங்குப் படத்தைத்தான் போட்டேன். விற்பனை பாதியாகக் குறைந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா?

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று படங்கள் கைப்பேசியில் வருகின்றன. சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை. காலையில் கண் விழித்தவுடன் பத்துப் படம். கல்லச்சில் ஒரு படத்துக்குப் பத்துக் கல் ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒரு விரல் போதும். வித்தை மட்டும் மாறவில்லை. நேரான கண், பின்னால் ஒளிவட்டம், தேசப் படம், கொடியின் வண்ணம், காலடியில் யாரோ ஒருவன். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஐந்தையும் தொட்டுக் காட்டுங்கள். அதிலும் காலடியில் கிடப்பவன் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். அயலூரில் பிழைக்க வந்த நாம் அந்தக் கேள்வியை மறக்கக் கூடாது.

இன்னொன்று. பழைய சித்திரசாலைப் படம், மளவ்லிப் படம், சிவகாசிக் காலண்டர், தீப்பெட்டி லேபிள் எதுவானாலும் வீட்டுப் பரணில் இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜூனா பஜாரில் அவை கட்டுக் கட்டாகக் கிடப்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. ஓரம் வெட்டாமல், பிளாஸ்டிக் ஒட்டாமல், புளிப்புத்தன்மை இல்லாத தாளுக்கிடையில் தட்டையாக வையுங்கள். தாள் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம். படத்தின் பின்பக்கம் பென்சிலால், யார் வீட்டில், எந்த வருஷம் தொங்கியது என்று மட்டும் எழுதி வையுங்கள். எந்தச் சுவரில் தொங்கியது என்பதும் சரித்திரம்தான். எந்தச் சுவரில் தொங்கவில்லை என்பதும் சரித்திரம்தான்.